வாகனசாலையில் இயற்கை: யாழ்ப்பாணக் குடாநாட்டு யதார்த்தச் சிற்பம் பற்றி ஒரு மறுவாசிப்பு

யதார்த்தவாதம் பற்றி யாழ்ப்பாணத்தில் நடந்த வாதப்பிரதிவாதங்களுக்குக் குறைவில்லை. 1960களிலும் 1970களிலும் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் அவர்களை மறுத்தவர்களும் நாவலையும் சிறுகதையையும் முன்வைத்து எழுதியவற்றை இன்றும் மாணவர்கள் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக வந்தவரும் கைலாசபதியே. வளாகம் அமைந்த திருநெல்வேலியோ தேரும் வாகனமும் செய்யும் சிற்பாசாரியார்களுக்குப் பெயர்போன ஊர். இருந்தும், யதார்த்தம் என்றால் என்ன என்ற கேள்வி அந்தப் பட்டறைகளின் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனதில்லை.

இதற்குப் பின்னால் ஒரு முன்முடிவு இருக்கிறது. கோயிற் சிற்பம் சாத்திரக் கணக்கிலே பிறப்பது, ஆகவே அது இயற்கையைப் பார்த்துச் செய்ததாக இருக்க முடியாது; இயற்கையைப் பார்த்துச் செய்யும் சிற்பம் ஐரோப்பியரோடும் பள்ளிக்கூடச் சித்திரப் பாடத்தோடும் வந்து சேர்ந்தது. இவ்வளவுதான் அந்த முன்முடிவு. யாரும் இதை விரித்து எழுதி நிறுவவில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்டதுபோல நடந்துவருகிறோம். இதன் இரண்டு பாதிகளும் தவறு என்பது என் வாதம். குடாநாட்டில் உயிருள்ள விலங்கை அருகிலிருந்து கவனித்துச் செய்த சிற்பம் நெடுங்காலம் கோயில் வாகனசாலைக்குள்ளேதான் இருந்தது. பின்னர் வந்த, நாம் யதார்த்தம் என்று பெயர்சூட்டிய சீமெந்துச் சிலை, பெரும்பாலும் புகைப்படத்தைப் பார்த்துச் செய்யப்பட்டது. முன்னதை மரபு என்றும் பின்னதை யதார்த்தம் என்றும் பிரித்துவைத்ததால் இரண்டையுமே சரியாகப் பார்க்காமல் விட்டோம்.

கல் இல்லாத நிலம்

முதலில் மூலப்பொருள். குடாநாடு முழுவதும் மயோசீன் காலச் சுண்ணக்கல்லின்மேல் கிடக்கிறது. கிணறு வெட்டியவர்களைக் கேட்டால் அந்தக் கல்லின் குணத்தைச் சொல்வார்கள்: ஓரிடத்தில் இரும்பாக நிற்கும், அடுத்த சாணில் பொக்கென்று விழும். உள்ளே சிப்பியும் கடல் உயிர்களின் எச்சமும் துளைகளும் நிறைந்திருக்கும். மதில் கட்டலாம், வெட்டி அடுக்கலாம், சூளையில் வைத்துச் சுண்ணாம்பாக்கலாம். கண்ணிமையும் காதுமடலும் செதுக்க அது விடாது. போல் பீரிஸ் நூறாண்டுக்கு முன்னர் ஆராய்ந்து வெளியிட்ட கந்தரோடைத் தூபிகள் இந்தக் கல்லின் எல்லையைக் காட்டுகின்றன. அரைக்கோளமும் வளையமுமாக, பெரிய உருவங்களை மட்டுமே அது தாங்கியிருக்கிறது. குடாநாட்டில் கிடைத்த நல்ல உருவச் சிலைகளுள் ஒன்றான வல்லிபுரத்துப் புத்தரையும் 1906இல் ஆளுநர் ஹென்றி பிளேக் சீயத்து மன்னருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். நம்மிடம் இருந்ததே கொஞ்சம்.

மாமல்லபுரத்தையும் அநுராதபுரத்து இசுருமுனியவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதன் பொருள் தெளிவாகும். மாமல்லபுரத்துப் பெரும் புடைப்புச் சிற்பத்தில் ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிகிறது. அங்கேயே தனிக்கல்லில் ஒரு குரங்குக் குடும்பம் உட்கார்ந்து பேன் பார்க்கிறது. இசுருமுனியவில் குளத்தங்கரைப் பாறையில் யானைகள் நீராடுகின்றன. இவற்றைச் செய்தவர்கள் காட்டையும் விலங்கையும் நேரே பார்த்தவர்கள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. கோயிற் சிற்பம் இயற்கையைப் பார்க்காது என்ற முன்முடிவு அங்கேயே ஆட்டம் காண்கிறது. யாழ்ப்பாணத்துச் சிற்பிக்கு அந்தக் கருங்கல் கிடைக்கவில்லை. வன்னியிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வந்த கல் மூலவருக்கும் நந்திக்கும் போனது. அவர் கைக்கு எட்டியவை மரமும் சுதையும்.

மரம் நிலைக்காது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கீசர் வசமானது. 1621இல் நல்லூர்க் கோயில் இடிக்கப்பட்டது. அதற்கு முந்திய மரச்சிற்பம் இன்று நம் கண்முன் இல்லை. வாகனசாலைகளில் நிற்பவை பெரும்பாலும் பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளுக்கு உரியவை. ஆகவே பழமையை வைத்து இங்கே வாதிட முடியாது, வாதிடவும் தேவையில்லை.

சாத்திரமும் மாட்டுக்கொட்டிலும்

சிற்ப நூல்களுள் விரிவான மானசாரம் 70 அத்தியாயங்கள் கொண்டது. அதில் தெய்வங்களின் ஊர்திகளுக்கு நான்கு அத்தியாயங்கள் உண்டு: அன்னம், கருடன், இடபம், சிங்கம். குதிரைக்கும் மயிலுக்கும் ஆட்டுக்கடாவுக்கும் தனி அத்தியாயம் இல்லை. யாழ்ப்பாணத்துச் சிற்பாசாரியார் மானசாரத்தை முன்னால் விரித்துவைத்துக்கொண்டு வேலை செய்தார் என்று நான் சொல்லவரவில்லை. அளவுகள் அவருக்குத் தகப்பனிடமிருந்து வாய்மொழியாகவும் கைப்பழக்கமாகவும் வந்தவை. ஆயினும் எழுதிவைத்த விதி எங்கே நிற்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று பார்க்க இந்தப் பட்டியல் உதவுகிறது. கண்ணால் கண்டது, காணாதது என்ற இன்னொரு கோட்டையும் இதன்மேல் போட்டுப் பார்க்கவேண்டும்.

சிங்கம்: விதி உண்டு, கண்டவர் இல்லை. குடாநாட்டுச் சிங்க வாகனங்களின் பிடரி சுருள்சுருளாகக் கொடிக்கருக்குப்போல் ஓடுவதும் முகம் பாதி மனித முகமாக இருப்பதும் இதனால்தான். அன்னமும் அப்படியே, அதன் வால் பறவையின் வாலாகத் தொடங்கிப் பூவேலையாக முடிந்துவிடுகிறது. யாளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கருடன் என் வாதத்துக்கு இடைஞ்சல் தருகிற உருவம். செம்பருந்து யாழ்ப்பாணக் கடனீரேரிக்கு மேலே நாள்தோறும் பறக்கிறது. கும்பாபிஷேகத்தின்போது அது வந்து வட்டமிட்டால் கூட்டம் முழுவதும் தலைக்குமேல் கைகூப்பும். அத்தனை பேர் அத்தனை முறை அண்ணாந்து பார்த்த பறவை அது. எனினும் வாகனத்தில் வரும் கருடன் சிறகு முளைத்த மனிதன். கூரிய மூக்கு ஒன்றே பறவையின் மிச்சம். அருகில் இருப்பதால் மட்டும் ஒன்று சிற்பத்தில் இயற்கையாக வந்துவிடாது என்பதைக் கருடன் காட்டிக்கொடுக்கிறது. புராணம் ஓர் உருவத்தை இறுக்கிப் பிடித்திருந்தால் கண் விலகி நின்றுகொள்கிறது.

இடபம் வேறு. அதற்கு விதியும் உண்டு, கொட்டிலும் உண்டு. வலிகாமத்துச் சிவன் கோயில்களில் நிற்கும் நல்ல இடப வாகனம் ஒன்றின் பக்கத்தில் போய், கழுத்துக்குக் கீழே குந்தியிருந்து பாருங்கள். தாடையிலிருந்து மார்பு வரை இறங்கும் அலைதாடி ஒரே தகடாகத் தொங்குவதில்லை. மேலே மெல்லிய மடிப்புகளாகத் தொடங்கி, நடுவில் கனத்து, முன்னங்கால்களுக்கிடையே போகும்போது ஒரு பக்கமாகச் சரிந்து விழுகிறது. நடக்கிற மாட்டின் அலைதாடி சரிவது அப்படித்தான். ஏரி (திமில்) நடுமுதுகில் நிமிர்ந்து நிற்காமல் முன்னோக்கித் தோளோடு ஒட்டி எழுகிறது. காது கொம்பின் அடியிலிருந்து புறப்பட்டுச் சற்றே கீழிறங்கி, உள்மடல் முன்னுக்குத் தெரியும்படி திரும்பியிருக்கிறது. சத்தம் கேட்ட மாடு காதை அப்படி வைத்திருக்கும். உயரத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதத்தை விதி கொடுத்திருக்கலாம். அலைதாடி எந்தப் பக்கம் சரியவேண்டும் என்பதை எந்த விதியும் கொடுக்காது. அது விடியற்காலையில் வைக்கோல் போட்டவர் கண்டது.

பார்த்தவர்களும் சாதாரணப் பார்வையாளர்கள் அல்லர். மாட்டுவண்டிச் சவாரி நடந்த ஊர்களில் மாட்டின் குறைநிறை தெரியாத ஆண்பிள்ளை அபூர்வம். வடக்கனா நாட்டானா, கால் எப்படி, முதுகு எப்படி என்று ஒரு நோட்டத்தில் சொல்லக்கூடிய கூட்டத்தின் நடுவேதான் இடப வாகனம் வீதிவலம் வந்தது. ஏரியைப் பிழையான இடத்தில் வைத்த சிற்பாசாரியார் அடுத்த நாள் தேநீர்க்கடையில் அகப்பட்டுக்கொள்வார். ஆட்டுக்கடாவுக்கும் இதே நிலை. வேள்விக்கென்று கடா வளர்த்து, அதன் கொம்பின் முறுக்கையும் தாடியையும் பற்றிப் பெருமை பேசிய சமூகம் அது. முருகன் கோயில் ஆட்டுக்கடா வாகனத்தின் கொம்பில் வளையங்கள் அடியில் நெருக்கமாகவும் நுனியில் விலகியும் போவதைக் காணலாம். ஒழுங்கான இடைவெளியில் கோடு கீறுவது உளிக்கு எளிது. மாறிமாறி வரும் இடைவெளி பார்த்தவரின் வேலை.

ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அந்நாளில் யாழ்ப்பாணத்து மாடுகளுக்குக் குறிசுடும் வழக்கம் இருந்தது. நான் கண்ட எந்த இடப வாகனத்திலும் குறி இல்லை. சாமி ஏறும் மாட்டுக்கு உடைமைக்காரன் கிடையாது. இயற்கையை அப்படியே பிரதிசெய்வது நோக்கமாக இருந்ததில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்ற தெரிவு இருந்தது. எந்த யதார்த்தக் கலையிலும் அது இருந்தே தீரும்.

காவும்போது

குதிரை வாகனம் இந்த வாதத்தை இன்னொரு திசைக்குக் கொண்டுபோகிறது. குதிரை குடாநாட்டு வளவுகளில் கட்டி வளர்த்த விலங்கு அல்ல. நெடுந்தீவில் இன்றும் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகள் போர்த்துக்கீச, ஒல்லாந்தர் காலத்து மிச்சம். அதிகாரிகளின் குதிரைகளை ஊரவர் தூரத்திலிருந்து கண்டிருப்பார்கள். ஆகவே குதிரை வாகனத்தின் உடலமைப்பு அவ்வளவு நம்பகமானது அல்ல. வாகனசாலையில் வைத்துப் பார்த்தால் விறைப்பாகவே தோன்றும். முன்னங்கால் இரண்டும் மேலே, பின்னங்கால் இரண்டும் பலகையில். பல் தெரிய வாய் திறந்திருக்கும். மூட்டுகள் எங்கே மடிகின்றன என்பதில் தடுமாற்றம் இருக்கும். கலைவிமர்சகர் அந்த இடத்திலேயே தீர்ப்பெழுதிவிட்டுத் திரும்பிவிடுவார்.

வேட்டைத் திருவிழா அன்று அதே குதிரையைப் பார்க்கவேண்டும். நீண்ட காவுதடிகளில் ஏற்றி, தோள்கொடுத்து, தவில் உச்சத்துக்கு வரும்போது காவுகிறவர்கள் அதை முன்னே பாயவிட்டு, சட்டென்று நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடி பாயவிடுகிறார்கள். முன்வரிசை தோளைத் தாழ்த்தப் பின்வரிசை உயர்த்துகிறது. குதிரை தலைகுனிந்து எழுகிறது. வாகனசாலையில் விறைத்துத் தெரிந்த பின்னங்கால்கள் இப்போது உந்தித் தள்ளுகின்றன. இடபத்தை இப்படிக் காவமாட்டார்கள். அதற்கு அசைநடை, பக்கத்துக்குப் பக்கம் சாய்ந்து, அவசரமில்லாமல் வரும். மயிலுக்கு இன்னொரு விதம். காவுகிறவர்களுக்கு இதை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. சிற்பியின் உளி பாதி செய்ததை அவர்களின் தோள் மீதியைச் செய்கிறது.

சூரன் போர் இதன் உச்சம். ஒரே மர உடல், தலைகள் மாறுகின்றன. யானைமுகம் போய்ச் சிங்கமுகம், பிறகு சூரனின் சொந்த முகம், மாமரம், கடைசியில் சேவலும் மயிலும். சூரனை ஆட்டுகிற இளைஞர்கள் அவனைச் சிலிர்க்க வைக்கிறார்கள், தலையைத் திருப்பி முறைக்க வைக்கிறார்கள், வேல் வரும்போது பின்வாங்க வைக்கிறார்கள். சின்னப்பிள்ளைகள் அழுவது செதுக்கலின் நுணுக்கத்தைப் பார்த்து அல்ல. அந்த முறைப்பு உயிருள்ளதாக இருப்பதால் அழுகிறார்கள்.

ஐரோப்பாவில் இதே பிரச்சினை வேறு வடிவில் எழுந்தது. 1878இல் மைப்ரிட்ஜ் ஓடும் குதிரையைத் தொடர்ச்சியாகப் படமெடுத்தபின், நாலு காலும் நீட்டிப் பறப்பதாகக் குதிரையை வரைந்த ஓவியர்கள் பொய் சொன்னவர்களாயினர். பாரிஸ் லூவ்ரில் இருக்கும் ஜெரிக்கோவின் எப்சம் குதிரைப்பந்தய ஓவியமும் அதில் மாட்டிக்கொண்டது. 1911இல் வெளிவந்த போல் க்செல்லுடனான உரையாடல் நூலில் ரோடின் ஜெரிக்கோவின் பக்கம் நின்றார். ஓவியர் அடுத்தடுத்த கணங்களை ஒரே உருவத்தில் சேர்த்துவைக்கிறார். காலம் நின்றுபோகாததால் அவர் காட்டுவதே உண்மை. கணத்தை உறையவைக்கும் படமே பொய் என்பது அவர் வாதத்தின் சாரம். யதார்த்தச் சிற்பத்தின் பெருந்தலைவர் என்று உலகம் ஏற்றுக்கொண்டவர் இதைச் சொன்னார் என்பதை நம் சித்திர ஆசிரியர்கள் அடிக்கடி நினைத்துப்பார்ப்பது நல்லது. அதே ரோடின் சென்னை நடராசர் சிலைகளின் படங்களைப் பார்த்து எழுதிய குறிப்பு 1921இல் ஒரு பிரெஞ்சுத் தொகுதியில் வெளியானபோது அதில் அவரோடு சேர்ந்து எழுதியவர்களுள் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி.

குமாரசுவாமியை இங்கே தவிர்க்க முடியாது. 1877இல் கொழும்பில் பிறந்த அவர் முதலில் நிலவியலாளர். இலங்கைக் கனிமங்களை ஆராய்ந்து, கல்லையும் மண்ணையும் உருப்பெருக்கியில் பார்த்துப் பழகியவர். அப்படிப்பட்டவரே 1934இல் வெளியிட்ட தம் நூலில், ஆசியக் கலை இயற்கையின் தோற்றத்தை ஒத்திருக்க முயல்வதில்லை, இயற்கை தொழிற்படும் விதத்தையே ஒத்திருக்கிறது என்று வாதிட்டார். அதைத் தத்துவத் தளத்தில் வைத்து அவர் சொன்னார். கோயிற் சிற்பம் வேறு, யதார்த்தம் வேறு என்று பிரிப்பவர்கள் தங்களுக்குச் சாதகமாக அடிக்கடி எடுத்தாள்வதும் அதைத்தான். அவருடைய கூற்றைத் தத்துவத்திலிருந்து இறக்கி, காவுகிறவரின் தோளில் வைத்துப் பார்த்தால் அது முற்றிலும் வேறாகத் தெரிகிறது. தொழிற்படும் விதம் என்பது இங்கே குதிரை பாயும் விதம், மாடு அசையும் விதம். தோற்றத்தையும் தொழிலையும் எதிரெதிரே நிறுத்தவேண்டிய தேவை அவருக்கு இருந்தது. வெள்ளைக்காரர் அளவுகோலை மறுக்க வேண்டியிருந்த காலம் அது. நமக்கு அந்தத் தேவை இல்லை. நல்ல இடப வாகனத்தில் இரண்டும் இருக்கின்றன.

பார்க்கும் கோணத்தையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். தோளுக்குமேல் போகும் வாகனத்தை நாம் கீழிருந்து பார்க்கிறோம், அதுவும் இரவில். தீவட்டியிலும் பின்னர் பெற்றோமாக்ஸ் வெளிச்சத்திலும் பார்க்கவென்று செய்யப்பட்ட கண் பகலில், பக்கத்தில், பிதுங்கித்தான் தெரியும். தலை கீழ்நோக்கிக் குனிந்திருப்பதும் உதடு தடித்திருப்பதும் அந்தத் தூரத்துக்குச் செய்த கணக்கு. அருங்காட்சியக மேசை உயரத்தில் வைத்து அதை மதிப்பிடுவது, வில்லுப்பாட்டை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு நன்றாயில்லை என்பதற்குச் சமம்.

தூரிகை எடுத்தவர்களும் உளி எடுத்தவர்களும்

ஐரோப்பிய வழியில் இயற்கையைப் பார்க்கும் பயிற்சி யாழ்ப்பாணத்துக்கு வராமல் இல்லை. 1847இல் வந்த அமலமரித் தியாகிகள் சபைக் குருமாரின் காலத்தில் ஆலயங்களை நிறைத்த சுரூபங்கள், தசையும் துணிமடிப்பும் நிஜம்போலத் தெரியும் முழு மனித உருவத்தை ஊரவருக்கு அறிமுகப்படுத்தின. பிறகு இருபதாம் நூற்றாண்டில் சித்திரப் பாடம். இலங்கையின் சித்திரக் கல்விக்குப் பொறுப்பாயிருந்த வின்சரின் பெயரால் எஸ். ஆர். கனகசபை 1938இல் யாழ்ப்பாணத்தில் வின்சர் கலைக்கழகத்தைத் தொடங்கினார். அங்கிருந்து ஒரு நிலக்காட்சி மரபு வளர்ந்தது. 2020இல் மறைந்த அச்சுவேலி ஆசை இராசையாவின் ஓவியங்களில் பனையும் வெளியும் வெயிலும் எவ்வளவு துல்லியமாக இருக்கின்றன என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. மாற்கு வேறு பாதையில் போனார். ஆனால் அவரும் ஓவியரே.

சிற்பத்தில் இப்படி ஒரு வரிசை ஏன் எழவில்லை? கல் இல்லை, வெண்கல வார்ப்படச்சாலை இல்லை என்பது ஒரு பாதி விடை. சென்னையில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929 முதல் 1957 வரை கலைப்பள்ளியின் தலைவராக இருந்து களிமண்ணையும் வெண்கலத்தையும் மாணவர் கையில் கொடுத்தார். 1959இல் மெரினாவில் நிறுவப்பட்ட அவருடைய உழைப்பாளர் சிலையில் பாறையை நெம்பும் முதுகுகளின் தசைநார் ஒவ்வொன்றும் ஒரு பாரத்தைச் சொல்கிறது. யாழ்ப்பாணத்தில் அப்படி ஒரு நிறுவனம் இல்லை. 1960இல் தொடங்கிய இராமநாதன் கழகத்தின் பேர் சங்கீதத்திலும் நடனத்திலும் நிலைத்தது. காண்பியக் கலை அங்கே காலூன்றப் பல காலம் சென்றது.

மற்றப் பாதி விடையைச் சொல்லத் தயங்குகிறோம். உளி சாதியோடு சேர்ந்த கருவி. படித்த வேளாளப் பிள்ளை தூரிகை எடுத்தால் அது கலை. வாச்சியும் கொட்டாப்புளியும் எடுத்தால் அது ஆசாரி வேலை. சிற்பாசாரியாரின் பிள்ளைக்கோ சித்திர வகுப்பின் கதவு எளிதில் திறக்கவில்லை. திறந்தவர்களுள் கலாகேசரி ஆ. தம்பித்துரை முக்கியமானவர். சித்திர ஆசிரியராகவும் தேர்ச்சிற்பியாகவும் இரண்டு பக்கத்திலும் நின்றவர் அவர். கோயிற் சுவரோவியங்களைப் பற்றி நூலும் எழுதினார். அவரைப்போல இன்னும் சிலர் வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேறு தலைப்பு வைத்திருக்கலாம். தனிமனிதர்களின் ஆற்றலை வைத்துச் சமாதானம் சொல்லிவிட முடியாத இடைவெளி இது. இயற்கையைப் பார்க்கப் பயின்ற கண் ஒரு வீட்டிலும், அதை மரத்தில் கொண்டுவரத் தெரிந்த கை இன்னொரு வீட்டிலும் இருந்தன.

புகைப்படத்திலிருந்து வந்த மனிதர்கள்

1950இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. செதுக்க உதவாத அதே சுண்ணக்கல் அரைபட்டு, எரிந்து, பைகளில் வந்தது. சிற்பத்துக்குக் கல் இல்லை என்ற பழைய குறை ஒருவகையில் தீர்ந்தது என்றே சொல்லலாம். பனங்கட்டி நீரும் கடுக்காய் நீரும் சேர்த்துச் சுதை அரைத்துக்கொண்டிருந்த கைகள் சீமெந்துக்கு மாறின. கம்பிக்கூடு கட்டி, அதன்மேல் சாந்தை அப்பி, கோபுரங்கள் எழுந்தன. சந்திகளில் தலைவர்களும் புலவர்களும் எழுந்தார்கள்.

இந்தச் சிலைகளை நாம் யதார்த்தச் சிற்பம் என்கிறோம். கோட்டும் தலைப்பாகையும் கண்ணாடியும் அச்சொட்டாக இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் பக்கவாட்டில் நின்று பாருங்கள். புகைப்படத்துக்குப் பக்கம் இல்லை. ஆகவே பல சிலைகளுக்கும் பக்கம் இல்லை. காதுக்குப் பின்னால் தலை எப்படிக் கழுத்தோடு சேர்கிறது, கை தொங்கும்போது தோள் எந்த அளவு இறங்குகிறது, வேட்டிக்குள் முழங்கால் எங்கே இருக்கிறது என்ற கேள்விகளுக்கு ஒரு முன்முகப் படம் விடை தராது. சிற்பி ஊகிக்கிறார். பெரும்பாலும் விறைத்த நேர்க்கோட்டில் ஊகிக்கிறார். நல்லூர் முத்திரைச் சந்தியில் 2011இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட சங்கிலியன் சிலையில் பிரச்சினை இன்னும் ஆழமானது. அவன் காலத்து உருவப்படம் எதுவும் நமக்கு இல்லை. குதிரைமேல் வாளோடு அமர்ந்திருக்கும் அந்த முகம் யாரைப் பார்த்துச் செய்தது என்று கேட்டால், நாடக மேடையும் சினிமாவும் நாட்காட்டிப் படமும் நமக்குள் விதைத்த ஓர் அரசனைப் பார்த்து என்றுதான் சொல்லவேண்டும். இதைச் சிற்பியின் குறையாக நான் சொல்லவில்லை. பொதுச் சிலைக்கு அதன் அரசியல் வேலை ஒன்று உண்டு. அதை அது செய்கிறது. இயற்கையிலிருந்து பிறந்த யதார்த்தம் என்று அதற்குப் பட்டம் கட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

பாரிஸில் சிற்பி பாரி 1831இல் முதலையைக் கவ்வும் புலியைக் காட்சிக்கு வைத்துப் புகழ்பெற்றபோது, அதற்குப் பின்னால் விலங்குச்சாலையில் உயிருள்ளவற்றைப் பார்த்தும் இறந்தவற்றை அறுத்து அளந்தும் கழித்த காலம் இருந்தது. நமது இடபத்துக்குப் பின்னாலும் அப்படியொரு காலம் உண்டு; அது படிப்பு என்று பெயர் பெறவில்லை, அவ்வளவுதான். இன்று வீட்டு வாசலிலும் மண்டபத்து முகப்பிலும் நிற்கும் சீமெந்து மானுக்கும் கண்ணாடியிழை யானைக்கும் பின்னால் அச்சு ஒன்று மட்டுமே இருக்கிறது.

கொட்டிலும் போய்க்கொண்டிருக்கிறது. உழவு இயந்திரம் வந்தபின் எருதின் தேவை குறைந்தது. 1990இல் வலிகாமம் வடக்கும் 1995இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது பட்டிகள் கலைந்தன. கைவிடப்பட்ட கோயில்களில் மரம் மழைக்கும் கறையானுக்கும் போனது. பின்னர் புதிதாகச் செய்த வாகனங்களில் அலைதாடி ஒரே தகடாகத் தொங்குவதைக் காணும்போது அதற்குத் திறமைக் குறைவைக் காரணம் சொல்ல மனம் வரவில்லை. அந்தச் சிற்பி பழைய வாகனத்தைப் பார்த்துச் செய்கிறார். மாட்டைப் பார்க்க அவருக்கு வாய்ப்புக் குறைவு.

தகட்டுக்கு முன்

இவ்வாதத்தைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பல வாகனங்களின் பலகையில் உபயகாரர் பெயரும் ஆண்டும் எழுதப்பட்டிருக்கும். ஒரே பட்டறை மரபில், ஆண்டு தெரிந்த இடபங்களை வரிசையாக வைத்து அலைதாடியையும் ஏரியையும் காதையும் மூட்டுகளையும் ஒப்பிட்டால், கண் எப்போது மாட்டிலிருந்து விலகி முந்திய வாகனத்தின்மேல் தங்கியது என்று ஓரளவு துல்லியமாகச் சொல்லமுடியும். சிங்கத்திலும் அன்னத்திலும் அதே காலத்தில் அப்படி எந்த மாற்றமும் தெரியாமலிருந்தால் என் வாதம் நிற்கும். அவற்றிலும் இதே அளவு மாற்றம் இருந்தால், நான் கவனிப்பு என்று எண்ணியது வெறும் பாணி மாற்றமே என்று ஒப்புக்கொள்ளவேண்டி வரும்.

ஆனால் அந்த ஆய்வுக்கு நேரம் அதிகமில்லை. வெளிநாட்டிலிருந்து காசு வரவர, கோயில்கள் பழைய வாகனங்களுக்கு எனாமல் பூசுகின்றன, அல்லது பித்தளை, வெள்ளித் தகடு போர்த்துகின்றன. பக்தியின் பார்வையில் அது சிறப்பு. அதில் தலையிட ஆய்வாளருக்கு உரிமை இல்லை. உளி விட்ட மெல்லிய மடிப்பு தடித்த பூச்சுக்குக் கீழே மறைந்துவிடும், தகட்டுக்குக் கீழே முற்றாகப் போய்விடும் என்பதையாவது திருப்பணிச் சபைகளிடம் சொல்லலாம். பூச்சுக்கும் தகட்டுக்கும் முன்னர் இரண்டு நாள் தவணை கேட்டு, அளந்து, நாலு பக்கமும் படமெடுத்து, அச்சு எடுக்கமுடிந்த இடத்தில் எடுத்து வைக்கலாம். பல்கலைக்கழகத்தின் சித்திரமும் வடிவமைப்பும் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல களப்பணி இருப்பதாகத் தெரியவில்லை. படமெடுக்கும்போது கமெராவைத் தோள் உயரத்துக்குக் கீழே வைக்கவேண்டும். திருவிழா இரவில் காவும்போது ஒளிப்பதிவும் வேண்டும். காவுகிறவர்களில் வயதானவர்களைப் பிடித்து, இடபத்துக்கும் குதிரைக்கும் தோள் எப்படி மாறுகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும்.